பக்குவம் இல்லாதது யாருக்கு?

நம் ஊடகக்காரர்களின் கையில் ‘பக்குவம்’ என்ற சொல் படாத பாடு படுகிறது. சோற்றுப் பக்குவம், ஊறுகாய்ப் பக்குவம், வற்றல்குழம்புப் பக்குவம் எல்லாம் புரிகிறது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் 19 வயதுப் பிள்ளை ஒருத்தி தோற்றுப்போய் வெளியே வருகிறாள், அவள் முகத்தை முப்பது நொடி கேமராவில் பார்த்துவிட்டு ‘இவளுக்கு மனப்பக்குவம் போதாது’ என்று தீர்ப்பு எழுதுகிறார்களே, அந்த வித்தையை எந்தச் சமையலறையில் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் தெரியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு வீரர்களை விமர்சிக்கவே கூடாது என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. தாராளமாக விமர்சியுங்கள். என் சண்டை இந்த ஒற்றைச் சொல்லோடுதான். இது விமர்சனமே இல்லை, தோல்விக்கு வைத்த இன்னொரு பெயர் என்பது என் வாதம். எப்படி என்கிறீர்களா? ஒரே ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்வோம்.

மனு பாக்கர். ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துப் பெண், 2002ல் பிறந்தவர். 2018ல், 16 வயதில், மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பை துப்பாக்கிச் சுடுதலில் தங்கம். அடுத்த மாதம் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம். அப்போது நாடே சொன்னது என்ன? பயமறியாத பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயதில் எத்தனை நிதானம், எத்தனை தெளிவு. புகழாரம்தான்.

2019 ஜனவரி. இளையோர் ஒலிம்பிக் தங்கத்துக்கு மாநில அரசு அறிவித்த 2 கோடி ரூபாய்ப் பரிசு உண்மைதானா, இல்லை வெறும் வாய்ப்பேச்சா என்று ட்விட்டரில் அந்தப் பெண் கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? கடைக்காரன் சொன்ன விலைக்கும் போட்ட பில்லுக்கும் வித்தியாசம் இருந்தால் நாம் கேட்க மாட்டோமா? அன்றைய ஹரியானா விளையாட்டு அமைச்சர் அனில் விஜ், சொன்ன தொகை கிடைக்கும் என்று பதில் சொன்னார். அதோடு நிறுத்தினாரா? விளையாட்டு வீரர்களுக்கு ஒழுங்கு வேண்டும், சர்ச்சை கிளப்பியதற்காக அவர் வருந்த வேண்டும், இன்னும் வெகுதூரம் போக வேண்டியவர் ஆட்டத்தில் மட்டும் கவனம் வைக்கட்டும் என்று உபதேசமும் செய்தார். ஆக, மூன்றே மாதத்தில் ‘தெளிவான பிள்ளை’ ஒழுங்கு தெரியாத பிள்ளை ஆகிவிட்டாள். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் வாயைத் திறந்து கணக்குக் கேட்டாள்.

அப்புறம் வந்தது டோக்கியோ. 2021 ஜூலை 25, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டும். நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதானது. சரிசெய்து வருவதற்குள் கால்மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. மிச்ச நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டும் 575 புள்ளிகள் எடுத்து 12ஆம் இடத்தில் முடித்தார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இரண்டே புள்ளியில் போயிற்று.

தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிட்டது. அழுத்தம் தாங்கவில்லை, பயிற்சியாளரோடு பிணக்கு, சின்ன வயதில் பெரிய பெயர், மனப்பக்குவம் இல்லை. பிஸ்டல் பழுதானது என்று சொன்னால், அது சாக்காம்! துப்பாக்கிச் சுடுதலில் உலகத் தரவரிசையின் உச்சியைத் தொட்ட ஹீனா சித்து முன்வந்து, அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டாள் என்று அவசரப்படுகிறவர்களே, அவள் எத்தனை நிமிடம் இழந்தாள் என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள் என்கிற பொருளில் எழுத வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டு நிருபர் போட்டி முடிந்ததும் முதலில் செய்ய வேண்டிய கணக்கை இன்னொரு வீராங்கனை போட்டுக் காட்ட வேண்டிய நிலைமை. யாருக்குப் பக்குவம் இல்லை, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு பாரிஸ். 2024 ஜூலை 28ல் வெண்கலம். வெள்ளிக்கும் அவருக்கும் இடையில் அப்போது 0.1 புள்ளிதான். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்புப் பிரிவில் இன்னொரு வெண்கலம். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்ற முதல் ஆள். உடனே பேனாக்களின் திசை மாறியது. பகவத் கீதை படிக்கிறாராம், என்ன நிதானம், என்ன முதிர்ச்சி! டோக்கியோவில் எழுதியது யார் கை, பாரிஸில் எழுதியது யார் கை? அதே கைதான்.

இப்போது இதை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். 2018ல் ஜெயித்தாள்: பக்குவம் உண்டு. 2019ல் கேள்வி கேட்டாள்: இல்லை. 2021ல் தோற்றாள்: இல்லவே இல்லை. 2024ல் ஜெயித்தாள்: அடேயப்பா, அவ்வளவு இருக்கிறது! ஜுரமானி வைத்தால் உடம்பின் சூட்டைக் காட்ட வேண்டும். மழை பெய்தால் ஒரு மாதிரி, வெயில் அடித்தால் ஒரு மாதிரி காட்டினால் அது ஜுரமானி இல்லை, ஜன்னல். ‘பக்குவம்’ என்று இவர்கள் அளப்பது எந்தப் பிள்ளையின் மனதையும் இல்லை. ஸ்கோர்போர்டைப் பார்த்து மனதின் பெயரால் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘இல்லையப்பா, ஜெயிக்கும்போது பக்குவம் வந்துவிட்டது, தோற்கும்போது வரவில்லை, மனிதர்கள் வளர்வார்கள்’ என்று சிலர் சொல்லலாம். வளர்வார்கள்தான். ஆனால் தோல்விக்குக் காரணம் மனம்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அதுதான் கேள்வி. இதற்கு அபினவ் பிந்த்ராவின் கதையை விட நல்ல பதில் எனக்குத் தெரியாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். 21 வயது. தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தவர் இறுதிச் சுற்றில் ஏழாவதாக முடித்தார். வெளியே இருந்து பார்த்தால் என்ன தோன்றும்? பையன் பயந்துவிட்டான், மனம் ஆடிவிட்டது. பின்னாளில்தான் தெரிந்தது, அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று தளர்ந்து கிடந்திருக்கிறது. மனம் ஆடவில்லை சார், தரை ஆடியது! அதே பிந்த்ராதான் 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

இந்தச் சொல்லில் இருக்கும் பெரிய ஆபத்தும் இதுதான். ‘மனப்பக்குவம் இல்லை’ என்று எழுதிவிட்டால் தரையைப் போய்ப் பார்க்கிற வேலை மிச்சம். டோக்கியோவுக்கு இந்தியாவிலிருந்து துப்பாக்கி சுடப் போனவர்கள் 15 பேர். பதக்கம் பூஜ்யம். அதற்கு முன் 2016 ரியோவிலும் பூஜ்யம். 15 பேருக்கும் ஒரே வாரத்தில் பக்குவம் தொலைந்துபோயிற்றா என்ன? பயிற்சி எப்படி நடந்தது, பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் பிணக்கு வந்தபோது சங்கத்துப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால் சில நாற்காலிகள் ஆடியிருக்கும். 19 வயதுப் பெண்ணின் மனதைக் கேட்டால் எந்த நாற்காலியும் ஆடாது. வசதியான விமர்சனம்.

வில்வித்தையில் தீபிகா குமாரியின் கதையும் இதேதான். ராஞ்சியில் ஆட்டோ ஓட்டிய ஒருவரின் மகள். 2012 லண்டனுக்குப் போகும்போது உலகத் தரவரிசையில் முதலிடம், வயது 18. முதல் சுற்றிலேயே தோற்றார். அன்று ஒட்டிய ‘அழுத்தம் தாங்க மாட்டார்’ லேபிள், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் கூடவே வந்தது. டோக்கியோவிலும் பாரிஸிலும் அவரைக் கால் இறுதியில் வீழ்த்தியவர்கள் கொரியாக்காரிகள். பெண்கள் அணிப் போட்டியில் 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வேறு எந்த நாட்டுக்கும் போகவில்லை, எல்லாம் கொரியாவுக்கே. அப்படி ஒரு மலையின் மேல் மோதி விழுந்தவளைப் பார்த்து ‘காலில் பலம் இல்லை’ என்பதா? மலை எவ்வளவு உயரம், அதைக் கட்டியவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று எழுதினால் அது விளையாட்டுச் செய்தி. மற்றதெல்லாம் திண்ணைப் பேச்சு.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். உணர்ச்சியைக் காட்டுவது எல்லோருக்கும் குற்றம் இல்லை. யார் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். நம்ம சென்னைப் பையன் குகேஷ் 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனான். பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதான். காய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி வைத்தான். நாம் எல்லோரும் கூடவே அழுதோம். அந்தக் கண்ணீரை யாரும் பக்குவக் குறைவு என்று சொல்லவில்லை. அடக்கம், பணிவு என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் அன்று டிங் அந்தக் கடைசித் தவறைச் செய்யாமல், ஆட்டம் டிரா ஆகி, டைபிரேக்கில் பையன் தோற்று, அதே நாற்காலியில் அதே கண்ணீரோடு உட்கார்ந்திருந்தால்? எந்தெந்த விவாத மேடையில் யார் யார் உட்கார்ந்து ‘சின்னப் பையன்தானே, இன்னும் பக்குவம் வரவில்லை’ என்றிருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம். கண்ணீர் ஒன்றுதான். உப்பும் ஒன்றுதான்.

அடுத்த காட்சி, 2025 ஜூன் 1, நார்வேயின் ஸ்டாவாங்கர். குகேஷிடம் மாக்னஸ் கார்ல்சன் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றார். மேஜையில் ஓங்கி ஒரு குத்து. காய்கள் தெறித்தன. அப்போது அவருக்கு வயது 34. குகேஷுக்கு 19. பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போய் நின்றான். கார்ல்சன் உடனே மன்னிப்புக் கேட்டார், போகிற போக்கில் பையனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தத் தோல்வி அவ்வளவு வலித்தது, மனிதர்தானே. குகேஷும் பெருந்தன்மையாக, நானும் என் காலத்தில் நிறைய மேஜைகளைக் குத்தியிருக்கிறேன் என்றான். அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. வெறி, வேட்கை, ஜெயிக்கும் தாகம் என்று ரசித்துப் பேசினார்கள். சரி, அப்படியே ரசிக்கட்டும். அதே குத்தை 19 வயது மனு பாக்கர் டோக்கியோவில் குத்தியிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? ஆணுக்கு வேட்கை, பெண்ணுக்குத் திமிர். பெரியவனுக்குத் தாகம், சின்னவளுக்குப் பக்குவக் குறைவு. பெயர் வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்களைப் பொறுத்தது.

சரி, இவ்வளவு பக்குவம் பேசுகிற ஊடகத்தின் பக்குவம் எப்படி? புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜனைக் கேட்க வேண்டும். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய பெண். கூலி வேலை செய்த குடும்பம். அடுத்த சில நாட்களில் ஒரு மருத்துவப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரும் அவரும் மட்டும் பேச வேண்டிய அந்தரங்கம் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது. ஊர் ஊராக மைக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்ற அளவுக்கு அந்தக் காலம் அவரை நசுக்கியது. பிறகு செங்கல் சூளையில் வேலை பார்த்தபோதும் கேமரா வந்தது, இந்த முறை கண்ணீர்க் கதைக்காக. பிள்ளைகளுக்குப் பக்குவப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் எத்தனை?

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் பார்த்துவிடுவோம். மக்கள் பணத்தில் பயிற்சி பெறுகிறார்கள், கேள்வி கேட்க உரிமை இல்லையா என்பார்கள். இருக்கிறது. கேளுங்கள். 25 மீட்டர் போட்டியில் தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவில் ஆட்டம் ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தகுதிச் சுற்றில் 593 எடுத்து முதலிடம் வந்த மனு இறுதியில் ஆறாவதாக முடித்தாரே, அது ஏன் என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. அதற்கு நுட்பம் தெரிய வேண்டும், இறுதிச் சுற்றின் விதிகள் தெரிய வேண்டும், பழைய ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். வேலை அதிகம். மனதைப் பற்றி எழுத ஒன்றும் தெரிய வேண்டாம்.

மனஉறுதியும் ஆட்டத்தின் பகுதிதானே என்பது அடுத்த வாதம். நிச்சயமாக. அதனால்தான் அதற்கென்று படித்த உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதக்கணக்கில் பேசிப் பழகி, கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலையை நீங்கள் மைக்கை நீட்டி இரண்டு கேள்வியில் முடிக்கப் பார்க்கிறீர்கள். நவோமி ஒசாகா 2021 பிரெஞ்சு ஓபனில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர மாட்டேன் என்றார். 15,000 டாலர் அபராதம் போட்டார்கள். போட்டியை விட்டே விலகினார், 2018 முதல் மனச்சோர்வோடு போராடுகிறேன் என்று அப்போதுதான் சொன்னார். அதற்கும் ‘இதுவும் தொழிலின் பகுதிதானே, சின்னப் பிள்ளைத்தனம்’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தன் எல்லை எது என்று தெரிந்து, நாகரிகமாக விலகிக்கொள்வது பக்குவம் இல்லையென்றால் வேறு எதுதான் பக்குவம்?

‘இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன கவலை?’ என்று கேட்கலாம். கவலை இருக்கிறது. மேலே தொலைக்காட்சியில் பேசுகிற பேச்சு கீழே எங்கள் தெருவுக்கு வரும்போது இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

எங்கள் ஊரின் நிலைமை வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுற்றிலும் தமிழ்நாடு, நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும். நாங்கள் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பக்கத்து நாகூர்ப் பிள்ளை தமிழ்நாட்டு அணிக்கு முயற்சி செய்யலாம். காரைக்கால் பிள்ளை புதுச்சேரி அணிக்குத்தான் போக வேண்டும். தேர்வு நடக்கும் இடம் பெரும்பாலும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று விடியும் முன் பஸ் ஏறி, நான்கு மணி நேரம் குலுங்கி இறங்கி, முகம் கழுவிவிட்டு நேராகக் கோர்ட்டுக்குள் போக வேண்டும். அங்கேயே வீட்டில் தூங்கி எழுந்து வந்த பிள்ளையோடு போட்டி.

என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி கூடைப்பந்து ஆடுவாள். நல்ல உயரம், நல்ல கை. ஒரு மாவட்ட இறுதிப் போட்டியில் கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாள். கோர்ட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். யாரோ படம் எடுத்து, உள்ளூர்ச் செய்திகள் போடும் பக்கம் ஒன்றில், பதட்டத்தால் பறிபோன கோப்பை என்று போட்டுவிட்டார்கள். அவள் அடித்த 20 புள்ளியைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் படம் உறவுக்காரர்களின் வாட்ஸப்பில் சுற்றியது. ‘பக்குவம் இல்லாத பிள்ளையை எதுக்குக் கண்டவன் கண்ணுக்கு முன்னாடி ஆட விடறே?’ என்று அவள் சித்தப்பா கேட்டாராம். அடுத்த ஆண்டு தேர்வுக்கு அவள் பஸ் ஏறவில்லை. இவ்வளவுதான் கதை. செய்தி போட்டவருக்கு அது அரை நாள் விஷயம். அவளுக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது.

ஆண் பிள்ளை தோற்று அழுதால் ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்டா’ என்பார்கள். பெண் பிள்ளை அழுதால் அது அவளை வீட்டுக்குள் வைக்கக் காரணம் ஆகிவிடுகிறது. ஆகையால் ‘பக்குவம்’ என்ற சொல்லை வீராங்கனைகள் மேல் வீசுகிறவர்கள் தங்கள் வீச்சு எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மனு பாக்கர் அடிபட்டாலும் எழுந்து வர அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், 2023ல் பழைய பிணக்கை மறந்து அவரோடு மறுபடி சேரவும் முடிந்தது. திருமலைராயன்பட்டினத்திலோ கோட்டுச்சேரியிலோ ஆடுகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மனைவி கையில் வந்த மாங்கனியைப் பார்த்து, தனக்குப் புரியாத ஒன்று அவளிடம் இருக்கிறது என்று மிரண்டு ஊரை விட்டே போனவர் பரமதத்தர். ஒன்று சொல்ல வேண்டும், அவர் குறைந்தபட்சம் ‘இவளுக்குப் பக்குவம் இல்லை’ என்று பேட்டி கொடுக்கவில்லை :-)

நண்பர்களே, இனி எங்காவது இளம் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி இந்தச் சொல்லைப் படித்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்று, இந்த ஆள் அன்று ஜெயித்திருந்தால் இதே நடத்தைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? இரண்டு, இதையே 34 வயது ஆண் சாம்பியன் செய்திருந்தால் எழுதியிருப்பார்களா? மூன்று, மனதைப் பற்றிப் பேசி எந்தத் தரை ஓட்டைப் பார்க்காமல் விட்டார்கள்? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் அந்த விமர்சனத்தைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இன்னும் கண்ணில் படவில்லை.

2025 ஜனவரி 17ல் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஒரே மேடையில் குகேஷுக்கும் மனு பாக்கருக்கும் கேல் ரத்னா கொடுத்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் பரிந்துரைப் பட்டியலில் மனுவின் பெயர் இல்லை என்று பெரிய கூச்சல். வீட்டில் அவர் தந்தை மனம் நொந்து பேசினார். விவாத மேடைகள் கொதித்தன. நடுவில் மனு மட்டும், விண்ணப்பித்ததில் என் பக்கம்தான் ஏதோ விடுபட்டிருக்கலாம், விருது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாட்டுக்காகத் தொடர்ந்து ஆடுவேன் என்கிற மாதிரி அமைதியாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அந்த வாரம் கத்தியவர்களில் பெரும்பாலானோர் அவரை விட இரண்டு மடங்கு வயது மூத்தவர்கள்.

டிஸ்கி: நான் கூடைப்பந்தில் ஒரு ஃப்ரீ த்ரோகூட ஒழுங்காகப் போட்டதில்லை. அதனால்தான் போடுகிறவர்களின் மனதைப் பற்றி ஆராய்ச்சி செய்வதில்லை.